புகைப்படக் கோப்பில் எத்தனை நிறங்கள்?

(குறுவள மையக் கூட்டத்தில் கணித, அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணித ஆசிரியர்களும் அறிவியல் ஆசிரியர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும் கூட்டம் என்பதால், இரு பாடத்துக்கும் பொதுவான ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். கேமரா எடுக்கும் படக்கோப்பில் நிறம் எப்படி எண்ணாக எழுதப்படுகிறது என்பதுதான் அது. இதற்குக் கலர் டெப்த் என்று பெயர். தமிழில் நிற ஆழம் என்று சொல்லலாம். சொல்லைக் கேட்டதும் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், "அடர்த்தியான கலரா டீச்சர்?" என்றுதான் கேட்டார்கள். கருஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு என்ற பேச்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு நிறத்தை இருட்டிலிருந்து வெளிச்சம் வரை எத்தனை படிகளாகப் பிரித்து எழுதி வைக்கிறோம் என்பதுதான் நிற ஆழம். படி எண்ணிக்கை என்றே பெயர் வைத்திருந்தால் நமக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

நாம் எல்லோருமே இன்று புகைப்படக்காரர்கள்தான். எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டிய மாணவர் படம், அறிவியல் கண்காட்சி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், மரக்கன்று நட்டது, எதையாவது படம் எடுக்காத நாள் கிடையாது. கைபேசி வாங்கப் போனால் 50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்று பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். அது படத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு விவரம் அடங்கியிருக்கிறது என்ற கணக்கை எந்தக் கடைப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

நமக்கு மிகவும் பழக்கமான மதிப்பெண் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு மாணவரைப் பற்றித் தேர்ச்சி, தேர்ச்சியில்லை என்று மட்டும் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே வாய்ப்புகள். 0 அல்லது 1 என்று ஒரே ஓர் இடத்தில் எழுதிவிடலாம். அந்த ஓர் இடம்தான் 1 பிட். இரண்டு இடம் கொடுத்தால் 00, 01, 10, 11 என்று நான்கு வாய்ப்பு. மூன்று இடம் என்றால் எட்டு. ஓர் இடம் கூடும்போதெல்லாம் வாய்ப்புகள் இரட்டிக்கும். தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் நாம் போட்ட தரநிலைகளை நினைத்துப் பாருங்கள்: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2, டி, இ1, இ2. மொத்தம் ஒன்பது. மூன்று பிட்டில் எட்டுதான் எழுத முடியும், ஆகவே நான்கு பிட் வேண்டும். 0 முதல் 100 வரை மதிப்பெண்ணாகவே எழுத வேண்டுமானால் 101 வாய்ப்புகள். ஏழு பிட்டில் 128 வரை எழுதலாம், எனவே ஏழு போதும்.

இப்போது ஒரு கேள்வி. ஒரு மாணவி 82 வாங்கினாள், இன்னொருத்தி 89 வாங்கினாள். இருவருக்கும் ஏ2. தரநிலையை மட்டும் பதிவேட்டில் எழுதிவிட்டு விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஒரு மாதம் கழித்துத் தலைமையாசிரியர் மதிப்பெண் பட்டியல் கேட்கிறார். என்ன செய்வீர்கள்? இருவருக்கும் 85 என்று போடலாம், வேறு வழியில்லை. அந்த 7 மதிப்பெண் வித்தியாசத்தை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. இந்த ஓர் உதாரணத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குள் நடப்பதும் இதுதான்.

கணினியில் ஏற்றப்பட்ட முதல் புகைப்படம் 1957-இல் உருவானது. அமெரிக்காவின் தேசியத் தர அளவைப் பணியகத்தில் வேலை பார்த்த ரசல் கிர்ஷ், தன் மூன்று மாத மகனின் படம் ஒன்றை ஒரு சுழலும் உருளையில் சுற்றி, அதைப் புள்ளி புள்ளியாகப் படிக்கவைத்தார். ஐந்து சென்டிமீட்டர் சதுரப் படம். பக்கத்துக்கு 176 புள்ளிகள், ஆக மொத்தம் 30,976. ஒவ்வொரு புள்ளிக்கும் கருவி கேட்டது ஒரே கேள்வி: வெளிச்சமா, இருட்டா? நம் தேர்ச்சி, தேர்ச்சியில்லை கதைதான். இப்படி எடுத்தால் குழந்தையின் முகம் மையொற்றிய காகிதம்போலத் தெரியும், கன்னத்தின் உருட்சி தெரியாது. ஆகவே அந்தக் குழுவினர் 'இதற்கு மேல் வெளிச்சம்' என்ற எல்லையை மாற்றி மாற்றி அதே படத்தைப் பலமுறை படித்து, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தார்கள். சாம்பல் நிறப் படிகள் கிடைத்தன. முகம் முகமாகத் தெரிந்தது. நிற ஆழம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்று நம் கைபேசி எடுக்கும் சாதாரணப் படத்தில் ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றுக்கும் 8 பிட். எனவே 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். ஒன்றே முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பெருக்கலைப் பிள்ளைகளைக் கையால் செய்யச் சொல்லுங்கள். அடுக்குக்குறி விதி ஒன்றும் கூடவே வந்துவிடும், 2-இன் 8-ஆம் அடுக்கை மூன்று முறை பெருக்கினால் 2-இன் 24-ஆம் அடுக்கு.

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. எந்தச் செயலியும் புதிதாக வேண்டாம், பெயிண்ட் போதும். 640-க்கு 480 புள்ளி அளவுள்ள ஒரு மாணவர் படத்தைத் திறந்து, வேறு பெயரில் சேமிக்கும்போது வரும் பட்டியலில் நான்கு வகைப் பிட்மேப் இருக்கும்: ஒற்றை நிறம், 16 நிறம், 256 நிறம், 24 பிட். நான்கிலும் சேமிக்கச் சொல்லுங்கள். 16 நிறப் படத்தைப் பார்த்ததும் வகுப்பு சிரிக்கும். முகத்தில் திட்டுத் திட்டாக நிறம் பூசியதுபோல இருக்கும். சிரித்து முடிக்கட்டும். பிறகு கோப்பின் அளவை முதலில் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் பண்புகள் பகுதியில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மொத்தப் புள்ளிகள் 3,07,200. 24 பிட் என்றால் புள்ளிக்கு 3 பைட், ஆக 9,21,600. கணினி காட்டுவது 9,21,654. 256 நிறப் படத்துக்கு 3,07,200 வர வேண்டும், காட்டுவது 3,08,278. 16 நிறத்துக்கு 1,53,600 எதிர்பார்ப்போம், 1,53,718 வரும். ஒற்றை நிறத்துக்கு 38,400 வர வேண்டும், 38,462 காட்டும். நான்கிலும் கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதல் 54, 1078, 118, 62.

இங்கேதான் நல்ல பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏன் இந்த எண்கள்? கோப்பின் தொடக்கத்தில் அகலம், உயரம், பிட் எண்ணிக்கை முதலிய விவரங்கள் 54 பைட்டில் எழுதப்படுகின்றன. 256 நிற வகையில் எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற அட்டவணையும் உண்டு. நிறத்துக்கு 4 பைட் வீதம் 1024. அதனுடன் 54 சேர்ந்தால் 1078. 16 நிறத்துக்கு 64-உம் 54-உம் சேர்ந்து 118. இரண்டு நிறத்துக்கு 8-உம் 54-உம், 62. பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நாம் 54 என்ற ஒன்றை மட்டும் சொன்னால் போதும். ஒரு குறிப்பு: படத்தின் அகலம் 32-இன் மடங்காக இருக்கட்டும். ஒவ்வொரு வரிசையும் 4 பைட்டின் மடங்காக முடிய வேண்டும் என்று ஒரு விதி இருப்பதால், மற்ற அகலங்களில் விடை கொஞ்சம் தள்ளிப்போகும். இன்னொன்று, 'அளவு' என்ற வரியைப் பார்க்க வேண்டும், 'வட்டில் உள்ள அளவு' என்பது வேறு.

சரி, கேமராவுக்குள் போவோம். உள்ளே இருக்கும் உணரிக்கு நிறமே தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்று மட்டும்தான் அளக்கும். அதனால் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் துண்டு மாதிரி ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். நான்கு கட்டத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் அமைத்த முறை இது, 1976-இல் காப்புரிமை கிடைத்தது. நம் கண்ணும் பச்சைப் பகுதி ஒளியில்தான் வெளிச்ச வேறுபாட்டை நன்றாகப் பிடிக்கும், அதனால்தான் பச்சைக்கு இரண்டு இடம். ஒரு கட்டத்தில் ஒரு நிறம்தான் அளக்கப்படுகிறது. மீதி இரண்டு நிறத்தையும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துக் கேமரா கணக்குப் போட்டு நிரப்புகிறது.

அளந்த ஒளியை எண்ணாக மாற்றும்போது நல்ல கேமராக்களில் 12 பிட் அல்லது 14 பிட் தருவார்கள். 12 பிட் என்றால் 4096 படிகள், 14 பிட் என்றால் 16,384 படிகள். பல கைபேசிகளில் 10 பிட், அதாவது 1024. இந்த எண்களை அப்படியே சேமித்தால் அது 'ரா' கோப்பு, சமைக்காத காய்கறி மாதிரி. நாம் வழக்கமாகப் பார்க்கும் ஜேபெக் கோப்பு சமைத்துப் பரிமாறிய சாப்பாடு. அதில் நிறத்துக்கு 256 படிகள்தான். ஆயிரக்கணக்கான படிகள் 256 ஆகச் சுருக்கப்படுகின்றன. மதிப்பெண்ணைத் தரநிலையாக்கும் வேலை இங்கேதான் நடக்கிறது. விடைத்தாளைக் கேமரா அப்போதே கிழித்துப் போட்டுவிடுகிறது.

ஜேபெக் அதோடு நிற்பதில்லை. 12 மெகாபிக்சல் படத்துக்கு 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், ஆக 36 எம்பி இருக்க வேண்டும். நம் கைபேசியில் பார்த்தால் நான்கைந்து எம்பிதான் இருக்கும். மீதி எங்கே போனது? படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய ஏற்ற இறக்கங்களை விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பயன்படும் கொசைன் கணக்கை வடிவமைத்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் அதை வெளியிட்டார். ஆய்வுக்குப் பணம் கேட்டு அமெரிக்க அறிவியல் நிதி அமைப்புக்கு அவர் விண்ணப்பித்தபோது தரவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். இன்று நம் குழுக்களில் வந்து குவியும் காலை வணக்கப் படங்களுக்குப் பின்னால் அவருடைய கணக்குதான் இருக்கிறது. முக்கோணவியல் எதற்கு என்று கேட்கும் பத்தாம் வகுப்புக்குச் சொல்ல இது ஒரு நல்ல பதில்.

256 படிகள் போதாதா என்று கேட்பீர்கள். படத்தைப் பார்ப்பதற்குப் போதும். நல்ல வெளிச்சத்தில், சரியாக எடுத்த படத்தில், பெரும்பாலும் குறையே தெரியாது. பிறகு திருத்தும்போதுதான் பற்றாக்குறை தெரியும். அதுவும் எங்கே தெரியும் என்றால், படத்தின் இருண்ட பகுதியில். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகளின் முகம் அங்கேதான் இருக்கிறது.

உணரி ஒளியை நேர்விகிதத்தில் அளக்கிறது. ஒளி இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்கு. 12 பிட் கேமராவில் 4096 படிகள் இருக்கின்றன அல்லவா? மிக அதிக வெளிச்சத்திலிருந்து அதன் பாதி வெளிச்சம் வரையுள்ள முதல் பகுதிக்கு 2048 படிகள் போய்விடும். அந்தப் பாதிக்கும் கால் பங்குக்கும் இடையே 1024. அடுத்து 512, 256, 128. ஆறாவது பகுதிக்கு, அதாவது முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கும் அறுபத்து நான்கில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட வெளிச்சத்துக்கு, மிஞ்சுவது 64 படிகள். பெருக்குத் தொடர் வரிசை. பந்தியில் முன்னால் உட்கார்ந்தவர்கள் பாதியை வாங்கிக்கொள்ள, கடைசி ஆளுக்கு அடிப்பானை.

நம் கண் இப்படி வேலை செய்வதில்லை. இருட்டறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் பெரிய மாற்றம், உச்சி வெயிலில் அதே மெழுகுவர்த்தியை யாரும் கவனிப்பதில்லை. கண் விகிதத்தைப் பார்க்கிறது. இதை மனத்தில் வைத்துத்தான் ஜேபெக் எழுதும்போது எண்களைச் சற்று வளைத்து, இருண்ட பகுதிக்குக் கூடுதல் பங்கு தருகிறார்கள். இதற்குக் காமா திருத்தம் என்று பெயர். அப்படித் தந்தும்கூட, முதல் பகுதிக்கு ஏறத்தாழ 70 படிகள் கிடைக்கும்போது, நான் சொன்ன ஆறாவது பகுதிக்கு 38 முதல் 52 வரை ஏறத்தாழ 15 படிகள்தான் கிடைக்கின்றன. 12 பிட் ரா கோப்பில் அதே பகுதிக்கு 64, 14 பிட்டில் 256.

இந்தப் பதினைந்து படிகளை நான் எங்கள் பள்ளியில் கண்ணால் பார்த்தேன். முன்பொரு ஆண்டு பத்தாம் வகுப்புக் குழுப்படம் எடுக்க ஒரு புகைப்படக்காரரை அழைத்திருந்தோம். அவர் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. புதிதாக வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் பெஞ்சு போட்டு நிறுத்தினார். சூரியன் தலைக்கு நேர்மேலே. நெற்றியில் வெளிச்சம், கண்குழியும் கன்னமும் நிழலில். பின்னால் சுவர் பளீரென்று இருந்ததால் கேமரா மொத்த வெளிச்சத்தையும் குறைத்துக்கொண்டது. படத்தில் சுவர் அழகாக வந்தது. பிள்ளைகள் இருட்டாக வந்தார்கள். அவர் கணினியில் முகங்களை வெளிச்சமாக்கி, மேலே மழமழவென்று ஒரு பூச்சும் கொடுத்து அச்சடித்துத் தந்தார்.

மறுநாள் ஒரு மாணவி படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "டீச்சர், இது யாருன்னு எங்கம்மா கேட்டாங்க" என்றாள். அழவில்லை, கோபமும் இல்லை. கன்னத்தில் இருக்கும் மச்சத்தைக் காட்டி, "இது எங்க போச்சு டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நான் இந்தப் பாடத்தையே படிக்கத் தொடங்கினேன். புகைப்படக்காரரிடம் திருத்தாத ஜேபெக் கோப்பை வாங்கி, ஆய்வகத்தில் ஜிம்ப் செயலியில் திறந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து எண்களைப் பார்த்தோம். சுவர் 240-க்கு மேல். நிழல் விழுந்த கன்னங்கள் பெரும்பாலும் நாற்பதுகளில். ஒளியை நான்கு மடங்காக்கினால் 38 முதல் 52 வரையுள்ள எண்கள் 72 முதல் 99 வரை பரவும். அங்கே 28 இடங்கள் இருக்கின்றன, நம்மிடம் இருப்பவை 15 எண்கள். கிட்டத்தட்ட ஒன்றுவிட்டு ஒன்று காலி. செயலியில் வரும் பரவல் வரைபடம் பல் உடைந்த சீப்பு மாதிரி தெரிந்தது. இருண்ட பகுதியில் ஜேபெக் விட்டுவிட்ட நுண்ணிய வேறுபாடுகள் ஏற்கெனவே இல்லை, ஆகவே எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் கன்னத்தில் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. அதை மறைக்கத்தான் மழமழப்புப் பூச்சு. மச்சம் என்பது சுற்றியுள்ள தோலைவிட இரண்டு மூன்று படிகள் குறைந்த ஓர் எண்தான். படிகளே பதினைந்து என்றால் அது என்ன ஆகும்? பூச்சில் கரைந்துவிடும்.

"கருப்பா இருந்தா போட்டோ நல்லா வராதுல்ல டீச்சர்" என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னான். இதை நம்மில் பலரும் காதால் கேட்டிருப்போம். கணக்கைப் பார்த்த பிறகு அந்த வாக்கியத்தை அப்படியே விடக் கூடாது. வெயில் படும் வெள்ளைச் சுவருக்குக் கேமரா எழுபது படிகள் கொடுத்தது, நிழலில் இருந்த முகத்துக்குப் பதினைந்து கொடுத்தது. இது நின்ற இடத்தாலும் நேரத்தாலும் வந்த பங்கீடு. இடத்தை மாற்றினால் பங்கீடு மாறும்.

இந்தப் பங்கீடு படச்சுருள் காலத்திலும் இருந்தது. கோடாக் நிறுவனம் வண்ணப்படக் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ஷெர்லி அட்டை என்று பெயர். பல பத்தாண்டுகள் அதில் இருந்தது வெள்ளைத் தோலுடைய ஒரு பெண்ணின் படம். அவர் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். கருந்தோல் உடையவர்களின் முகம் எப்படி வருகிறது என்பது சோதனையிலேயே இல்லை. வெவ்வேறு நிறத் தோலுடைய பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. வரலாற்று ஆசிரியர்கள் யாராவது இதை எடுத்துக்கொண்டு வகுப்பில் பேசினால் நன்றாக இருக்கும்.

அடுத்த ஆண்டு நாங்கள் காலை ஒன்பது மணிக்கு முன்பே, வேப்பமர நிழலில் எடுத்தோம். செலவு எதுவும் கூடவில்லை. நிழலில் நின்றால் எல்லா முகத்துக்கும் ஒரே ஒளி. பின்னால் பச்சைச் செடிகள், முகத்தைவிட வெளிச்சமான பொருள் எதுவும் இல்லை. கைபேசியில் எடுப்பவர்கள் திரையில் சுவரைத் தொடாமல் முகத்தைத் தொட வேண்டும். தொட்ட இடத்துக்குத் தகுந்தபடி வெளிச்சம் கூடும். அதற்காக மிகவும் கூட்டிவிடவும் கூடாது. 255-க்கு மேல் எண் கிடையாது. நெற்றியில் 255 விழுந்துவிட்டால் அங்கே தோலே இல்லை, வெறும் வெள்ளைக் காகிதம்தான். அழகுபடுத்தும் வசதி என்று கைபேசியில் தானாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றையும் நிறுத்திவிடுங்கள். மச்சங்களுக்கு அது முதல் எதிரி.

முக்கியமான படம் என்றால், கைபேசியில் புரோ வகை இருந்தால் ரா கோப்பாக எடுக்கலாம். டிஎன்ஜி என்று முடியும். 12 மெகாபிக்சலுக்குப் புள்ளிக்கு 2 பைட் வைத்து 24 எம்பி வரை பிடிக்கும். எல்லாப் படத்துக்கும் இது தேவையில்லை. மதிய உணவுத் தட்டைப் படம் பிடித்து அனுப்ப ஜேபெக் தாராளமாகப் போதும். படத்தைக் குழுவில் பகிரும்போது செயலி இன்னொரு முறை சுருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அச்சுக்குப் போக வேண்டிய படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், பயிற்சிகளில் திரும்பத் திரும்ப வருவது. பிட் கூடினால் மிக வெளிச்சமானதையும் மிக இருட்டானதையும் ஒரே படத்தில் பிடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மாடியின் உயரம் வேறு, மாடிக்குப் போகும் படிகளின் எண்ணிக்கை வேறு. எவ்வளவு உயரம் என்பதை உணரியின் தரம் தீர்மானிக்கிறது. பிட் எண்ணிக்கை, அந்த உயரத்தை எத்தனை படிகளாகப் பிரிக்கிறோம் என்பதைத்தான் சொல்கிறது. நம் பள்ளிகளில் சக்கர நாற்காலிக்காகச் சாய்தளம் கட்டியிருக்கிறோமே, படிகள் மிக நுணுக்கமாகிக்கொண்டே போனால் அதைப்போல ஆகும். சின்ன உணரியில் இரைச்சல் அதிகம். அங்கே 14 பிட் கொடுத்தாலும் கடைசிப் படிகள் இரைச்சலைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.

மாலை வானத்தைப் படமெடுத்தால் சில நேரம் பட்டை பட்டையாகத் தெரியும், பார்த்திருப்பீர்கள். 4000 புள்ளி அகலத்தில் நீலம் 180-இலிருந்து 200 வரைதான் மாறுகிறது என்றால், இருப்பவை 21 எண்கள். ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ 190 புள்ளி அகலம். வேடிக்கை என்னவென்றால், கொஞ்சம் இரைச்சல் இருந்தால் பட்டை கண்ணுக்குத் தெரியாது. வேண்டாத விருந்தாளியும் சில நேரம் உதவுவான்.

புகைப்படத்துக்கு வெளியேயும் இதே கணக்குதான். சிடி ஸ்கேன் படத்தில் பொதுவாக 12 பிட், 4096 மதிப்புகள். திரையில் அத்தனை சாம்பல் நிறங்களையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது, காட்டினாலும் கண் பிரித்தறியாது. எனவே மருத்துவர் எலும்புக்கு ஒரு பகுதி, நுரையீரலுக்கு ஒரு பகுதி என்று தேர்ந்தெடுத்து விரித்துப் பார்க்கிறார். பிலிமைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினால் அந்த வசதி போய்விடும். குறுந்தகட்டைக் கொண்டுவரச் சொல்வது அதனால்தான். புவியியல் ஆசிரியர்களுக்கு: 1999-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 7 செயற்கைக்கோள் 8 பிட்டில் படம் தந்தது, 2013-இல் வந்த லேண்ட்சாட் 8 தருவது 12 பிட், 2021-இன் லேண்ட்சாட் 9 தருவது 14 பிட். ஏரித் தண்ணீர் போன்ற இருண்ட பரப்புகளில் வேறுபாடு காண அந்தக் கூடுதல் படிகள் உதவுகின்றன.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தேநீர் இடைவேளையிலேயே கேட்டுவிட்டார், கணினி இல்லாவிட்டால் இதை எப்படி நடத்துவது என்று. கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில் ஒரு மாம்பழம். முதல் குழு கருப்பு, வெள்ளை மட்டும் பயன்படுத்தட்டும். அடுத்த குழுவுக்கு நான்கு சாயல், மூன்றாவது குழுவுக்கு எட்டு. மூன்றையும் சுவரில் ஒட்டிவிட்டு, வகுப்பின் கடைசியில் போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த மாம்பழம் உருண்டையாகத் தெரிகிறது என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தை சொல்லிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுத்து, அந்த எண்களை மட்டும் பக்கத்து வகுப்புக்கு அனுப்பி, அவர்களை வரையச் சொன்னால் கோப்பு என்றால் என்ன என்பதும் விளங்கிவிடும்.

பெயிண்ட் சோதனைக்கான அட்டவணைத் தாள், விடை நிரப்பாமல், ஐம்பது படிகள் எடுத்துவந்து பின்மேசையில் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய கூட்டத்தின் குழுப்படம் மதியம் வாசல் சுவரருகே எடுப்பதாக நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. அமைப்பாளரிடம் சொல்லி அதைப் புங்கமரத்தடிக்கு மாற்றியிருக்கிறேன்.